இரண்டு புள்ளி, இரண்டு கோடு

அ = அ + 1

பள்ளிக்கூடக் கணக்கு நோட்டில் இப்படி எழுதினால் சிவப்பு மைதான். ஓர் எண் தன்னைவிட ஒன்று அதிகமான எண்ணுக்கு எப்படிச் சமமாகும்? இரண்டு பக்கமும் இருக்கும் ‘அ’வை அடித்துவிட்டால் 0 = 1 என்று மிஞ்சும். அதற்குமேல் கணக்கு என்று ஒன்று கிடையாது. ஆனால் கணினியில் ஓடும் நிரல்களில் இந்த மாதிரி வரி இல்லாத ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே இதற்குப் பொருள், ‘அ என்ற பெட்டியில் இருப்பதை எடு, ஒன்று கூட்டு, அதே பெட்டியில் திரும்பப் போடு’ என்பது. அதாவது இது ஒரு கட்டளை. சமம் என்ற உறவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிறகு ஏன் அந்தக் குறி?

நான் நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “அண்ணா, மதிப்பு போட ஒரு சமம், ஒப்பிட்டுப் பார்க்க ரெண்டு சமம். இப்படி ஏன் வெச்சாங்க?” பழகிவிடும் என்று சொல்லலாம், பழகியும் விடும். ஆனால் அது பதில் இல்லை. பதில் கொஞ்சம் நீளமானது. அதில் ஒரு பழைய கடனாளி, மேசையைக் குத்திய ஒரு விஞ்ஞானி, குருவுக்கு எதிராகக் கையெழுத்திட்ட ஒரு மாணவர், ஒரு குறிக்காகப் பதவியைத் துறந்த ஒரு தலைவர் எல்லாரும் வருகிறார்கள்.

கடனாளியிலிருந்து தொடங்கலாம். வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ராபர்ட் ரெக்கார்ட் 1557ல் ஒரு கணிதப் புத்தகம் எழுதினார். ‘இது அதற்குச் சமம்’ என்று ஒவ்வொரு முறையும் வார்த்தையில் எழுதிச் சலித்துப்போய், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைப் போட்டார். இவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் வேறு இல்லை என்பது அவர் சொன்ன காரணம். அடுத்த ஆண்டே கடனுக்காகச் சிறையில் இருந்தபடி செத்துப்போனார். அவர் போட்ட கோடுகள் மட்டும் நிலைத்தன. ஏறத்தாழ 400 ஆண்டுகள் அவற்றுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது.

*

அந்த அர்த்தத்தை உடைத்ததில் பெரிய பங்கு ஃபோர்ட்ரானுக்கு. ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் ஒரு சிறு குழு உருவாக்கி 1957ல் வெளியிட்ட மொழி அது. நிரலை அட்டையில் துளையிட்டுத்தான் இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். துளையிடும் கருவியில் இருந்த எழுத்துகளும் குறிகளும் மிகச் சில. அம்புக்குறி கிடையாது. சமக்குறி இருந்தது. அந்த முதல் ஃபோர்ட்ரானில் ‘இது அதற்குச் சமமா’ என்று நேராகக் கேட்கும் வசதியும் இல்லை. ஒரு கணக்கின் விடை சுழியத்துக்குக் கீழா, சுழியமா, மேலா என்று பார்த்து மூன்று திசைகளில் பிரியலாம், அவ்வளவுதான். ஆக, சமக்குறி சும்மா கிடந்தது. மதிப்பைப் பெட்டியில் போடுவதற்கு அதை எடுத்துக்கொண்டார்கள்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் வேறு மாதிரி யோசித்தார்கள். போர் முடிந்த 1945ல் ஜெர்மனியில் கொன்ராட் சூசெ தாளில் மட்டும் வடிவமைத்து வைத்திருந்த மொழியில், கணக்கு இடப்பக்கம், பெட்டி வலப்பக்கம், நடுவில் ஓர் அம்பு. ‘அ + 1 ⇒ அ’. படிக்கும்போதே விஷயம் புரிந்துவிடும்: இதைக் கணக்கிடு, அங்கே கொண்டுபோய் வை. சுவிட்சர்லாந்தின் ஹைன்ஸ் ருடிஷௌசர் போன்றவர்களும் இந்த அம்பையே விரும்பினார்கள்.

1958 மே மாதக் கடைசியில் ஜூரிக் நகரில் இந்த இரண்டு பழக்கங்களும் ஒரே மேசைக்கு வந்தன. அமெரிக்காவிலிருந்து நான்கு பேர், ஐரோப்பாவிலிருந்து நான்கு பேர். ஆளுக்கொரு மொழி வைத்திருந்தால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க முடியாது. எனவே உலகத்துக்கே பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்பது நோக்கம். பின்னாளில் அல்கால் என்று பெயர்பெற்ற மொழி அங்கேதான் பிறந்தது. பெட்டியின் பெயர் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்றார்கள் அமெரிக்கர்கள். ஐரோப்பியர்களுக்கோ வெறும் சமக்குறி போதாது. திசை தெரிய வேண்டும். முடிவில் வந்த சமரசம்தான் ‘:=’. பெட்டி இடப்பக்கம், ஆனால் குறி சமச்சீராக இல்லை. ஒரு பக்கம் புள்ளிகள், ஒரு பக்கம் கோடுகள். பார்த்தவுடன் எது எதற்குள் போகிறது என்று தெரியும். ரெக்கார்டின் = குறி அதன் பழைய வேலைக்கே, ஒப்பிடுவதற்கே, திரும்பப் போனது.

அந்த ஜூரிக் கூட்டத்தைப் பற்றி எல்லாரும் சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதை இன்னொன்று. தசம எண்ணில் புள்ளியா காற்புள்ளியா? அமெரிக்கர்கள் 3.14 என்று எழுதுவார்கள். ஐரோப்பியர்களில் பலர் 3,14 என்று எழுதுவார்கள். பேச்சு முற்றி, தசமத்துக்குப் புள்ளி வைக்கவே மாட்டேன் என்று ஒருவர் மேசையைக் குத்திவிட்டார். கூட்டமே நின்றுபோகும் நிலை. அன்றிரவு ஜோசஃப் வெக்ஸ்டீன் என்ற அமெரிக்கர் இரண்டு தரப்பையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்து ஒரு வழி சொன்னார்: மொழியை மூன்று தளங்களாகப் பிரிப்போம். வரையறைக்கு ஒன்று, அச்சில் வெளியிட ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று. முதல் தளத்தில் என்ன எழுதினாலும், மற்ற இரண்டில் அவரவர் ஊர் வழக்கப்படி எழுதிக்கொள்ளலாம். சண்டை அடங்கியது.

‘இதுக்குப் போயி சண்டையா?’ என்று தோன்றும். இந்தக் கிண்டலுக்குப் பெயரே உண்டு. நார்த்கோட் பார்கின்சன் 1957ல் எழுதிய அங்கதப் புத்தகத்தில் ஒரு கமிட்டி வரும். அணு உலைத் திட்டத்துக்குச் சில நிமிடங்களில் ஒப்புதல் கொடுத்துவிட்டு, சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் வாதாடும். அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லாருக்கும் புரியும். நிரல்மொழி உலகத்தில் இதையே ஃபிலிப் வாட்லர் ஒரு விதியாகச் சொன்னார்: மொழியின் பொருளைப் பற்றிப் பேசும் நேரத்தைப் போல இரு மடங்கு அதன் இலக்கணத்துக்குப் போகும், அதைப் போல இரு மடங்கு குறிகளுக்கு, அதைப் போலவும் இரு மடங்கு, கம்ப்யூட்டர் படிக்கவே படிக்காத குறிப்புரைகளை எப்படி எழுதுவது என்பதற்கு.

நல்ல கிண்டல்தான். ஆனால் இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க நான் மெல்ல மறுபக்கம் போய்விட்டேன். கொட்டகைக்குச் சண்டை போட்டவர்கள் அவ்வளவு முட்டாள்கள் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அணு உலைகள் இடிந்துவிட்டன. கொட்டகைகள் இன்னும் நிற்கின்றன.

*

இடிந்த உலையின் கதை இது. 1960 ஜனவரியில் பாரிஸில் கூடி அல்காலைத் திருத்தி எழுதினார்கள். பீட்டர் நௌர் என்ற டேனிஷ்காரர் தொகுத்த அந்த அறிக்கை மெலிந்தது, தெளிவானது. ஒரு மொழியின் இலக்கணத்தை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு அதுவே முன்மாதிரி ஆயிற்று. கூட்டம் முடிந்த பிறகு, பிப்ரவரியில், ஆம்ஸ்டர்டாமிலிருந்து நௌருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. ஆட் வான் வைங்கார்டன், தன் மாணவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவுக்கும் சேர்த்துப் பேசினார். ஒரு செயல்முறை தன்னைத்தானே அழைத்துக்கொள்ள இடம் தரும்படி ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னார்கள். நௌருக்கு அதன் எளிமை பிடித்துப்போய்ச் சேர்த்துவிட்டார். ஜெர்மன் தரப்பின் ஃப்ரீட்ரிக் பவர் இதை ஆம்ஸ்டர்டாம் சதி என்றே சொன்னார். இன்று கணினியியல் படிக்கும் எந்தப் பிள்ளையும் முதல் ஆண்டிலேயே கற்கும் ‘ரிகர்ஷன்’ அந்த மொழிக்குள் நுழைந்தது ஒரு ஃபோன் காலில்.

அடுத்த திருத்தம்தான் பெரிய சண்டை. 1962ல் சர்வதேசத் தகவல் செயலாக்கக் கூட்டமைப்பு ஒரு பணிக்குழு அமைத்தது. அல்காலின் வாரிசை உருவாக்குவது அதன் வேலை. குழுவில் இரண்டு மனநிலைகள். நிக்லாஸ் விர்த்தும் டோனி ஹோரும் ஒரு பக்கம்: இருப்பதில் உள்ள குறைகளைச் சரிசெய்வோம், தேவையானதை மட்டும் சேர்ப்போம், சீக்கிரம் முடிப்போம். வான் வைங்கார்டன் இன்னொரு பக்கம்: சில அடிப்படைக் கருத்துகளை எடுத்து, எதை எதோடு வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று விதிப்போம், விதிவிலக்கே இல்லாத மொழி ஒன்று செய்வோம். இரண்டாவது யோசனை அழகானது. கணிதம் தெரிந்த யாருக்கும் நாக்கில் எச்சில் ஊறும். குழு அதன் பின்னால் போனது. விர்த்தின் வரைவு, போதுமான துணிச்சல் இல்லாதது என்று ஒதுக்கப்பட்டது. அவர் அதை ஸ்டான்ஃபோர்டில் தானே செய்து முடித்தார், அல்கால் டபிள்யூ. பிறகு குழுவைவிட்டே விலகினார்.

1968 பிப்ரவரியில் வான் வைங்கார்டன் குழுவினரின் வரைவு அறிக்கை எல்லாருக்கும் வந்துசேர்ந்தது. படித்தவர்கள் திகைத்துப்போனார்கள். மொழியை விவரிக்க அவர் ஒரு புதிய இலக்கண முறையையே கண்டுபிடித்திருந்தார்: இலக்கண விதிகளை உற்பத்தி செய்யும் இலக்கணம். சொற்கள்கூடப் புதியவை. எல்லாரும் ‘டைப்’ என்பதை அவர் ‘மோட்’ என்றார். மொழியைப் படிக்கும் முன் அறிக்கையைப் படிக்கப் படிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு இத்தாலியிலும் ஸ்காட்லாந்திலும் கூடிக் கூடி வாதாடினார்கள். டிசம்பரில் மியூனிக்கில் அறிக்கை ஏற்கப்பட்டது. கூடவே, மறுப்பாளர்கள் ஒரு சிறுபான்மை அறிக்கையை இணைத்தார்கள். நிரலாளரின் வேலை என்ன என்பது பற்றிய பார்வை இந்த மொழியில் பழையது, நம்பகமான நிரலை எழுத இது உதவாது என்பது அதன் சாரம். கையெழுத்துப் போட்டவர்களில் ஹோர் இருந்தார். டைக்ஸ்ட்ராவும் இருந்தார்.

டைக்ஸ்ட்ராவை 1952ல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் வேலைக்கு எடுத்தவர் வான் வைங்கார்டன். 1959ல் அவருடைய ஆய்வேட்டுக்கு வழிகாட்டியவரும் அவர். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரே தொலைபேசியின் இந்தப் பக்கம் சேர்ந்து நின்றவர்கள். அந்தக் கையெழுத்தின் கனம் என்னவென்று யோசித்துப் பார்க்கிறேன். வேலை செய்பவனை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று குருவுக்கு எழுத்தில் சொல்வது சின்ன விஷயம் இல்லை.

எளிமைக் கட்சிதான் யோக்கியம் என்று முடித்துவிடவும் முடியாது. அல்கால் டபிள்யூ-வுக்காக 1965ல் ஹோர் ஒரு வசதி சேர்த்தார்: எதையும் சுட்டாத சுட்டி, ‘நல்’. செய்வது சுலபமாக இருந்தது, அதனால் சேர்த்தேன் என்றார். அதை நூறு கோடி டாலர் தவறு என்று 2009ல் மேடையில் அவரே பெயர் சூட்டினார். நம் கைப்பேசியில் செயலிகள் திடீரென்று மூடிக்கொள்வதற்குப் பின்னால் பல நேரங்களில் இருப்பது இதுவே.

அல்கால் 68 பெரிதாகப் பரவவில்லை. ஆனால் அதன் சில்லறைகள் பரவின. ஒரு பழைய சிக்கலை எடுத்துக்கொள்வோம். ‘மழை பெய்தால், குடை இருந்தால் வெளியே போ, இல்லையென்றால் வீட்டிலேயே இரு.’ இந்த ‘இல்லையென்றால்’ மழைக்கா, குடைக்கா? முந்தைய அல்காலில் இந்தக் குழப்பம் இருந்தது. அல்கால் 68 இதற்கு ஒரு விளையாட்டுத்தனமான மருந்து கொடுத்தது: ‘இஃப்’ என்று தொடங்கினால் அதையே திருப்பிப் போட்டு ‘ஃபி’ என்று முடி. ‘கேஸ்’ என்று தொடங்கினால் ‘எஸாக்’. எது எங்கே முடிகிறது என்பதில் சந்தேகமே வராது. கேம்பிரிட்ஜில் அல்கால் 68க்குக் கம்பைலர் எழுதிய ஸ்டீபன் போர்ன், பிறகு பெல் ஆய்வகத்துக்குப் போய் யூனிக்ஸின் ஷெல்லை எழுதினார். அந்த ‘ஃபி’யும் ‘எஸாக்’கும் அதில் ஏறிக்கொண்டன. ‘டூ’வைத் திருப்பி ‘ஆட்’ என்று முடிக்க மட்டும் முடியவில்லை. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டளை இருந்தது. அதனால் அது மட்டும் ‘டன்’. இன்று லினக்ஸ் சர்வர் எதைத் திறந்தாலும் இந்த வார்த்தைகள் இருக்கின்றன. உலை போயிற்று, கொட்டகை நிற்கிறது என்று சொன்னது இதைத்தான்.

*

நம் குறிக்குத் திரும்புவோம். அல்காலின் ‘:=’ எப்படி மறுபடியும் ‘=’ ஆயிற்று?

கேம்பிரிட்ஜின் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967ல் செய்த பிசிபிஎல் மொழியில் ‘:=’ இருந்தது. பெல் ஆய்வகத்தின் கென் தாம்சன் 1969 வாக்கில் அதைச் சுருக்கி ‘பி’ என்ற மொழியைச் செய்தார். அவரிடம் இருந்த பிடிபி-7 இயந்திரத்தில் 8 ஆயிரம் சொற்களுக்குத்தான் நினைவகம். தட்டச்சு செய்தது மெதுவாக, சத்தமாக இயங்கும் டெலிடைப்பில். அப்படிப்பட்ட இடத்தில் ஓர் எழுத்து மிச்சம் என்றாலும் மிச்சம்தான். நிரல்களில் ஒப்பிடுவதைவிட மதிப்புப் போடுவது ஏறக்குறைய இரு மடங்கு அதிகம் வருகிறது. எனவே அதன் குறி பாதி நீளம் இருப்பதே நியாயம் என்று கணக்குப் போட்டார். மதிப்புப் போட ‘=’. ஒப்பிட ‘==’. அதோடு இன்னொன்றும் செய்தார். பிசிபிஎல்லில் மதிப்புப் போடுவது ஒரு தனிக் கட்டளை. வேறு எதற்குள்ளும் அதைச் செருக முடியாது. பி-யில் அதுவும் ஒரு கணக்கு. போட்ட மதிப்பையே விடையாகத் தரும். நிபந்தனைக்குள்ளேயே அதை எழுதலாம்.

இரண்டும் தனித்தனியே நல்ல முடிவுகள். சேர்ந்தபோது பொறி ஆயின. ‘அ சுழியமா?’ என்று கேட்க நினைத்து ஒரு கோட்டுக்குறியை விட்டுவிட்டால், ‘அ-வில் சுழியத்தைப் போடு’ என்று ஆகிவிடும். கம்பைலர் கேள்வி கேட்காது, ஏனென்றால் இரண்டுமே முறையான வாக்கியங்கள். பி-யிலிருந்து சி பிறந்தது. சி-யிலிருந்து சி++, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் அந்தக் குறியையே எடுத்துக்கொண்டன. (ஜாவா மட்டும் நிபந்தனைக்குள் உண்மை/பொய் தவிர வேறெதுவும் வரக் கூடாது என்று பொறியைப் பெருமளவு அடைத்தது.) தவறுக்குப் பயந்து ‘0 == அ’ என்று தலைகீழாக எழுதிப் பழகியவர்கள் உண்டு. அங்கே ஒரு கோட்டை விட்டுவிட்டால் சுழியத்துக்குள் எதையும் போட முடியாது என்று கம்பைலர் கத்தும். மொழி செய்திருக்க வேண்டிய காவலை மனிதர்கள் தங்கள் கைப்பழக்கத்தால் செய்தார்கள்.

பிறகாவது மாற்றியிருக்கலாமே? சி-யை வடிவமைத்த டென்னிஸ் ரிட்ச்சி இன்னொரு குறியின் முன்னுரிமை பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும். அது தவறு என்று தெரிந்தே விட்டுவிட்டார். காரணம், ஏற்கெனவே சில நூறு கிலோபைட் அளவுக்கு சி நிரல்கள் எழுதப்பட்டிருந்தன, மூன்று இடங்களில் அது ஓடிக்கொண்டிருந்தது. மூன்றே மூன்று இடங்கள்! அந்த மூன்று பேருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்தது, பின்னால் வந்த அத்தனை பேர் தலையிலும் விடிந்தது. குறி விஷயத்தில் ஆரம்பத்திலேயே மேசையைக் குத்துகிறவர்களை எனக்குப் பிடிப்பது இதனால்தான். பிறகு குத்திப் பயனில்லை.

ஒரு கோடு என்ன செய்துவிடும் என்பதற்கு 2003 நவம்பர் சாட்சி. லினக்ஸ் கெர்னலின் மூல நிரல் இருந்த முதன்மைக் கிடங்கின் ஒரு பிரதியில் யாரோ இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டார்கள். பார்வைக்கு அது ஒரு சாதாரணச் சோதனை: இன்ன இரண்டு விசித்திரமான தெரிவுகளோடு ஒருவர் இந்தக் கட்டளையை அழைத்து, அவருடைய பயனர் எண்ணும் 0 ஆக இருந்தால், பிழை என்று திருப்பி அனுப்பு. ஆனால் ‘==’ இருக்க வேண்டிய இடத்தில் ‘=’ இருந்தது. யூனிக்ஸ் குடும்பத்தில் பயனர் எண் 0 என்றால் நிர்வாகி, எதையும் செய்யலாம். அந்த வரி ‘நீ 0-வா?’ என்று கேட்கவில்லை. ‘நீ இனிமேல் 0’ என்று பட்டம் கட்டியது. போட்ட மதிப்பு சுழியம் என்பதால் நிபந்தனை பொய்யாகி, பிழைச் செய்தியும் வராது. சுற்றிலும் ஒரு ஜோடி அடைப்புக்குறி இருந்ததால் கம்பைலரின் எச்சரிக்கையும் வராது. பிரதிக்கும் முதன்மைக்கும் ஒத்துப்போகவில்லை என்பதைக் கவனித்ததால், வெளியீட்டுக்குள் நுழையும் முன்பே பிடித்துவிட்டார்கள். செய்தது யார் என்று வெளிவரவே இல்லை. அவர் ஒரு மேதாவி ஓட்டையைத் தேடிப் போகவில்லை. டெலிடைப்பில் மிச்சம் பிடித்த அந்த ஓர் எழுத்தே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

*

ஆம்ஸ்டர்டாமில் கதை நிற்கவில்லை. வான் வைங்கார்டனின் அதே கணித மையத்தில் லாம்பர்ட் மீர்ட்டென்ஸ் என்பவர் அல்கால் 68 திருத்தத்தில் வேலை செய்தவர். அவர் அடுத்துச் செய்ய நினைத்தது நேரெதிரான ஒன்று: நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கான மொழி. பின்னாளில் ஏபிசி என்று பெயர்பெற்றது. 1978ல் போலந்தின் யாப்லோன்னா என்ற ஊரில் ஒரு மாளிகையில் உட்கார்ந்து, ஒரு சிறு நிரலைப் பல விதமாக எழுதிப் பார்த்து, எது தெளிவு என்று நான்கு பேர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒத்துப்போகவில்லை. கடைசியில் அவர்களில் ஒருவருடைய மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் நிரலாளர் இல்லை. முதல் வரி தன்னளவில் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். கீழே உள்ள வரிகள் அதைச் சேர்ந்தவை என்பது தெரியவில்லை. சரி, வரிக் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி வைப்போம், ‘மீதி கீழே இருக்கு’ என்று காட்டட்டும் என்று முடிவு செய்தார்கள். நிபுணர்கள் நால்வரால் முடியாததை, படிக்க வந்த ஒருவரின் குழப்பம் தீர்த்துவைத்தது. இன்று பைதான் எழுதுகிறவர்கள் நிபந்தனை வரியின் கடைசியில் வைக்கும் ‘:’ அங்கிருந்து வந்தது.

ஏபிசி குழுவில் 1980களில் வேலை பார்த்த இளைஞர் கீடோ வான் ரோஸம். 1989 டிசம்பரில் விடுமுறை நாட்களில் தொடங்கி அவர் செய்த மொழி பைதான். சி பழகியவர்களும் வர வேண்டும் என்பதால் மதிப்புப் போட ‘=’ என்றே வைத்துக்கொண்டார். ஆனால் பொறியை மட்டும் எடுத்துவிட்டார். பைதானில் மதிப்புப் போடுவது தனிக் கட்டளை. நிபந்தனைக்குள் ‘=’ எழுதினால் மொழி அங்கேயே நிறுத்திவிடும். சி-யில் பட்ட அனுபவம்தான் காரணம் என்று பைதானின் கேள்வி பதில் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

விலை இல்லாமல் இல்லை. ஒரு கோப்பைத் துண்டு துண்டாக வாசிக்கிறீர்கள். வாசித்தது காலியாக இருந்தால் நிறுத்த வேண்டும். வாசிப்பதை ஒரு வரியிலும் காலியா என்று பார்ப்பதை இன்னொரு வரியிலும் எழுத வேண்டும்; சில நேரம் ஒரே வரியை இரண்டு இடத்தில் எழுத வேண்டும். 2018ல் இதைச் சுருக்க ஒரு முன்மொழிவு வந்தது: ‘(துண்டு := வாசி())’ என்று நிபந்தனைக்குள்ளேயே போடலாம். ஜூரிக்கின் அதே இரண்டு புள்ளியும் இரண்டு கோடும். பக்கவாட்டில் பார்த்தால் கண்ணும் தந்தமும் மாதிரி இருக்கிறது என்று இதற்கு வால்ரஸ் என்று செல்லப்பெயர்.

எதிர்த்தவர்கள் சொன்னது: ஒரு வேலையைச் செய்யத் தெளிவான ஒரு வழி இருக்க வேண்டும் என்பது பைதானின் அடையாளம், இப்போது இரண்டு வழி ஆகிறது, புதிதாகக் கற்கிறவர் எதை எங்கே போடுவது என்று குழம்புவார். ஆதரித்தவர்கள் சொன்னது: உண்மையான நிரல்களை எடுத்துப் பாருங்கள், பல இடங்களில் இது தெளிவைக் கூட்டுகிறது; குறி வேறாக இருப்பதால் சி-யின் பொறி திரும்பி வராது; தனி வரியில் ‘:=’ எழுதவே முடியாதபடி தடுத்துவிடலாம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. இரண்டு பக்கமும் வாதாடியது தங்களுக்காக இல்லை, நாளை படிக்கப்போகும் யாரோ ஒருவருக்காக. ஆனால் வாதம் மாதக்கணக்கில் நீண்டு, கசந்துபோனது.

அதுவரை பைதானில் கடைசி வார்த்தை வான் ரோஸமுடையது. ஆயுட்கால நல்லெண்ணச் சர்வாதிகாரி என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அவர் முன்மொழிவை ஏற்றுக்கொண்டார். அடுத்து, 2018 ஜூலை 12 அன்று, பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதினார். ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராடி, இத்தனை பேர் தன் முடிவை வெறுப்பதைப் பார்ப்பது இனி வேண்டாம் என்பது அவர் சொன்ன காரணம். தனக்குப் பின் யார் என்றும் சொல்லவில்லை. நீங்களே ஒரு முறை கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிட்டார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஐந்து பேர் கொண்ட வழிகாட்டும் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். வால்ரஸ், 2019 அக்டோபரில் பைதான் 3.8 உடன் வந்தது.

இதைச் சைக்கிள் கொட்டகைச் சண்டை என்று தள்ளிவிடுகிறவர்கள் ஒன்றைப் பார்க்கத் தவறுகிறார்கள். மொழியின் பெரிய கோட்பாடுகளை மொழி செய்தவர்கள் மட்டுமே தினமும் யோசிப்பார்கள். குறிகளையோ எல்லாரும் தினமும் தொடுவார்கள், அதுவும் பாதி நேரம் களைப்பில், இரவில், கண் சொருகும்போது. களைத்த மனிதன் ஒரு கோட்டை விட்டுவிட்டால் மொழி அவனைத் தடுத்து நிறுத்துமா, தலையாட்டிவிட்டுப் போய்விடுமா? இது முடிவாகிற இடம் குறிதான். டைக்ஸ்ட்ராவும் ஹோரும் கையெழுத்திட்ட அறிக்கையில் நிரலாளர் எங்கே என்று கேட்டதும், யாப்லோன்னாவில் ஒருவரைக் கூப்பிட்டு இதைப் படித்துப் பாருங்கள் என்றதும் ஒரே அக்கறையின் இரண்டு வடிவங்கள்.

தாம்சனும் அந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்தார். கூகிளில் ராப் பைக், ராபர்ட் கிரீசெமர் ஆகியோருடன் சேர்ந்து அவர் வடிவமைத்து 2009ல் வெளியான கோ மொழியில், புதிதாக ஒரு பெட்டியைத் திறந்து மதிப்புப் போட ‘:=’. மதிப்புப் போடுவது தனிக் கட்டளை. நிபந்தனைக்குள் விடையாக நிற்காது. 40 ஆண்டுகளுக்கு முன் ஓர் எழுத்தை மிச்சம் பிடித்தவரின் கையாலேயே அந்த இரண்டு புள்ளிகள் திரும்பி வந்தன.

தமிழிலும் இந்தக் கேள்வியை ஒருவர் சந்தித்திருக்கிறார். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழி பைதானில் எழுதப்பட்டது. ஆங்கிலச் சொற்களுக்குப் பதில் தமிழ்ச் சொற்களைப் போட்டதோடு அது நிற்கவில்லை. ஆங்கிலத்தில் ‘இஃப்’ முன்னால் வரும், நிபந்தனை பின்னால் வரும். தமிழில் நாம் அப்படிப் பேசுவதில்லை. எழிலில் நிபந்தனை முதலில் வரும், ‘ஆனால்’ அதற்குப் பின்னால் வரும்: ‘@( அ > 5 ) ஆனால்’. படிக்கிறவர் யார் என்று யோசித்து எடுத்த முடிவு அது. வார்த்தை வரிசையே திரும்பிவிட்டது.

அ-வுக்குள் 5 போட மட்டும் எழிலிலும் ‘அ = 5’ என்றே எழுத வேண்டும். ஒரு காலத்தில் துளையிடும் கருவியில் சும்மா கிடந்த குறி, தமிழ் எழுத்துகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.